போடாமல் விட்ட வளையம்

சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் விமானம் உடுவிலுக்கு மேலால் போகும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் எழும்பி முற்றத்துக்கு ஓடுவார். சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி, முகத்தில் சவர்க்காரம் பூசியிருந்தாலும் சரி. கிணற்றடியில் போய் நின்று, சத்தம் தேய்ந்து மறையும்வரை அசையமாட்டார். பிறகு உள்ளே வந்து, "சத்தம் சரியாத்தான் இருக்கு" என்பார். யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டோம். அந்த விமானத்தை அவர் தொட்டதும் இல்லை, தொடப்போவதும் இல்லை. முதல் கிழமை பாவமாக இருந்தது. அடுத்த கிழமை எனக்கு எரிச்சல் வரத் தொடங்கிவிட்டது.

அவர் என் கணவர். வளைகுடா நாடொன்றில், சரக்கு விமானங்கள் வைத்திருக்கிற ஒரு கம்பெனியில் எஞ்சின் பார்க்கும் வேலை. வருடத்துக்கொரு முறை பெரிய பெட்டிகளோடு வந்து இறங்குவார்; அயல் முழுக்கச் சொக்கலேற் மணக்கும். இந்த முறை தோளில் ஒரு பையோடு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து படலையடியில் நின்றார். "லீவோ?" என்று கேட்டேன். "விசாரணை முடியும்வரைக்கும் வேலைக்கு வரவேண்டாமாம்" என்றார். படலையைத் திறக்கவும் தோன்றாமல் அதன் இரண்டு பக்கமும் நின்றபடியே நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம்.

நடந்தது இதுதான். எஞ்சினில் ஒயில் ஓடும் வழியில் விரலளவில் ஒரு காந்தத் திருகாணி இருக்குமாம். உள்ளே ஏதாவது தேய்ந்து இரும்புத் துகள் கழன்றால் அதில் வந்து ஒட்டும். இடைக்கிடை அதைக் கழற்றித் துடைத்துப் பார்த்து, பழைய றப்பர் வளையத்தை எறிந்து, புதியதைப் போட்டுத் திரும்பப் பூட்டவேண்டும். இவர் கழற்றினார், துடைத்தார், பழையதை எறிந்தார், பூட்டினார். புதிய வளையத்தைப் போடவில்லை. சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டிய கூட்டாளி, இவர் செய்த வேலைதானே என்று வெளியிலிருந்து ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டுவிட்டார். எஞ்சினை நிலத்தில் மெதுவாக ஓடவிட்டபோதும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் மேலே போன பிறகுதான் ஒயில் வெளியேறத் தொடங்கியது. விமானி அந்த எஞ்சினை நிறுத்திவிட்டு மற்றதை நம்பித் திரும்பி வந்து இறங்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடலுக்கு மேலே மற்றதும் நின்றிருந்தால் என்று நான் யோசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். இவரால் நிறுத்த முடியவில்லை.

ஊரில் கதை பரவுவதற்குச் சொல்லவா வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்ற பெண்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்திருந்தது. "ஒரு வாசருக்கோ பிள்ளை இவ்வளவு பாடு?" என்று ஒருத்தி கேட்டாள். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வாசர்தான் அவளுக்குத் தெரிந்த வளையம். இன்னொருத்தி, தன் மருமகன் எத்தனையோ பஸ் எஞ்சின்களை இறக்கி ஏற்றியவன், அவனுக்கு இப்படி ஒருநாளும் வந்ததில்லை என்றாள். பஸ் நின்றால் இறங்கி நடக்கலாம் என்று நான் சொன்னேன். அதோடு அவள் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாள். நல்லதாகப் போயிற்று.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: இவர், நான், இவருடைய அப்பா. மாமா மிஷன் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். இன்றைக்கும் அவர் கதிரையில் நிமிர்ந்து இருக்கிற விதத்தைப் பார்த்தால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும்போல இருக்கும். மகன் வேலையில்லாமல் வந்து நிற்கிறானே என்று அவர் தலைகுனியவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "என்ரை பிள்ளை பிழை விட்டவன்தான். ஆனா ஒளிக்கேல்லை. மறந்துபோனன் எண்டு அவையளின்ரை முகத்துக்கு நேரை சொன்னவன்" என்று சொல்லிப் பெருமைப்பட்டார். அவர் அப்படித் தொடங்கினால் இவர் எழும்பிப் போய்விடுவார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

சும்மா இருக்கமுடியாத மனிதர் வீட்டில் இருந்தால் வீட்டுக்குத்தான் கேடு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் பரப்பினார். பூட்டினார். மறுபடி கழற்றினார். காஸ் அடுப்பின் குழாயைக் குசினிக்குள் வந்து வந்து தடவிப் பார்த்தார். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு ஸ்கூட்டரில் ஏறிய பிறகு, "கொஞ்சம் பொறும்" என்று சில்லின் நட்டை இறுக்கிப் பார்ப்பார். ஒருநாள் மோட்டாரடிக்கு என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் பூட்டியிருக்கோ எண்டு ஒருக்கா பாரும்" என்றார்.

"நான் கணக்கு ரீச்சர். எனக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்?"

"தெரியத் தேவையில்லை. இன்னொரு கண் வேணும், அவ்வளவுதான்."

எனக்குக் கோபத்தில் சிரிப்பு வந்தது. ஆனாலும் குனிந்து பார்த்தேன். எல்லாம் பூட்டித்தான் இருந்தது. "இருக்கு" என்றேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது நான் திரும்பி நடக்கும்போதே தெரிந்தது; ஸ்பானர் சத்தம் பின்னால் கேட்டது.

விசாரணை கணினி வழியாக நடந்தது. முன்னறையில்தான் சிக்னல் ஒழுங்காக வரும் என்பதால் மேசையை அங்கே போட்டோம். நான் கமராவுக்குத் தெரியாத மூலையில் பரீட்சைத் தாள் திருத்துகிற பாவனையில் இருப்பேன். விசாரித்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தமாட்டார். இரண்டு அமர்வுகளிலும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்கே வந்தார். பழைய வளையத்தை எறிந்ததற்கும் திருகாணியைப் பூட்டியதற்கும் இடையில் என்ன நடந்தது?

"ஒன்றும் நடக்கவில்லை. மறந்துவிட்டேன்" என்பார் இவர்.

"மறந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். மறக்க வைத்தது எது என்றுதான் கேட்கிறேன்."

"ஒன்றுமில்லை."

இரண்டாம் அமர்வின் கடைசியில் அந்தப் பெண்மணி பேனையைக் கீழே வைத்தார். உங்களைத் தண்டிப்பதற்கு நான் இங்கே இருக்கவில்லை என்றார். காரணம் தெரிந்தால் அதைத் திருத்தலாம், உங்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கலாம். காரணமே இல்லாமல் மறக்கிற ஒருவர் கையில் எஞ்சினைக் கொடுக்க என்னால் சிபாரிசு செய்ய முடியாது, லைசென்ஸ் போய்விடும். அடுத்த அமர்வு கடைசி அமர்வு என்றும் சொன்னார். திரை அணைந்த பிறகும் இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் ஏதோ ஒளிக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு முதல்முறை பட்டது. கூடவே பயமும் வந்தது. லைசென்ஸ் போனால் இவருக்கு வேறு வேலை கிடைக்காது என்ற பயம் இல்லை. எஞ்சின் இல்லாத இவரை எனக்குத் தெரியாது என்ற பயம்.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மாலை ஏழு மணிக்கு மாமா குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கைபேசியைப் பாட்டுப் புத்தகத்தில் சாய்த்து வைத்து மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றாக அழைப்பெடுப்பார். மூத்த மகள் ரொறன்ரோவில், மகன் மெல்போர்னில், கடைசி இவர். வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் ஒரு வேத வசனம் சொல்லவேண்டும். மெல்போர்ன்காரர் எப்போதும் ஆகச் சின்ன வசனமாகத் தேடிப் பிடிப்பார். "உதை நீ போன கிழமையும் சொன்னனீ" என்று மாமா மடக்குவார். ஒருவர் வரப் பிந்தினால் தொடங்கமாட்டார். மற்றவர்கள் காத்திருக்க, மாமா கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். வேறு வேறு தேசங்களில் இரண்டு பேர் மூச்சுக் காட்டாமல் நிற்க, நடுவில் மாமா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற அழகை நான் எத்தனையோ தரம் பார்த்துச் சிரிப்பை அடக்கியிருக்கிறேன். கடைசியில், தூரத்தில் இருக்கும் பிள்ளைகளின் கையின் வேலையை ஆசீர்வதிக்கும்படி ஜெபித்து முடிப்பார்.

இவர் வீட்டுக்கு வந்த பிறகு மாமாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தே ஜெபத்தில் கலந்துகொண்டார். கடைசி அமர்வுக்கு முந்திய கிழமை ஒரு மாலை, மாமா அழைப்பெடுக்க, மறுமுனையில் மணியடிக்கிற சத்தம் கேட்டது. இவருடைய வலது கை சட்டென்று நெஞ்சுப் பக்கம் போனது. அங்கே பையும் இல்லை, போனும் இல்லை, போட்டிருந்தது பெனியன். கை அங்கேயே கொஞ்சம் நின்று, பிறகு மடியில் வந்து விழுந்தது. நான் அதைப் பார்த்தேன். அடுத்த நாளும் பார்த்தேன். அதே நேரம், அதே கை.

கணக்குத் தாள் திருத்துகிறவர்களுக்கு ஒன்று தெரியும். நன்றாகச் செய்கிற பிள்ளை ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தால், அநேகமாக அது பக்கம் புரட்டிய இடமாக இருக்கும். அந்த வரியைப் பிள்ளை மனதில் எழுதிவிட்டது, தாளில் எழுதவில்லை. இவருடைய பக்கம் எந்த இடத்தில் புரண்டது? அங்கே நேரம் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்கு. எங்களுக்கு ஏழு மணி என்றால் இவர் வேலையில் நிற்பார். இத்தனை வருடமாக இவர் வேலையில் நின்றபடிதான் வசனம் சொன்னாரா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் சொன்ன "ஓய்வு நேரம்" என்பதை அப்படியே நம்பியிருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் நேரே மோட்டாரடிக்குப் போனேன்.

"வளையத்தை விட்ட அண்டைக்கு, அப்பா போன் எடுக்கேக்கை எங்கை நிண்டனீங்கள்?"

இவர் ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பொய் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"எஞ்சினுக்குக் கிட்ட. ஏணியிலை."

"போன் உள்ளை கொண்டு போகலாமோ?"

"கூடாது. லொக்கருக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டுத்தான் போகவேணும். நான் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு ஓவரோலின்ரை நெஞ்சுப் பைக்குள்ளை கொண்டு போறனான். ஒவ்வொரு நாளும்."

பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. பழைய வளையத்தை எறிந்தாயிற்று. புதியது உறையோடு இடக்கையில், திருகாணி வலக்கையில். பை அதிர்ந்தது. போனை எடுக்க ஒரு கை வேண்டும். உறையைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். ஏணியால் இறங்கி, சில்லுக்குப் பின்னால் மறைவில் நின்று வசனம் சொன்னார், தலையைக் குனிந்து ஜெபித்தார். திரும்ப ஏறியபோது திருகாணி கையில் இருந்தது, பழைய வளையம் அதில் இல்லை. அடுத்த வேலை பூட்டுவதுதான் என்று கை சொன்னது. கை சொன்னதை மனம் கேட்டது. அடுத்த நாள் விமானம் திரும்பி வந்து இறங்கிய பிறகு பைக்குள் கையை விட்டாராம். உறை பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

"அண்டைக்கு அப்பா எதுக்கு ஜெபிச்சவர் எண்டு தெரியுமோ?" என்றார். "என்ரை கையின்ரை வேலைக்கு."

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவேண்டிய இடம். வந்தது கோபம். "அப்ப அதைச் சொல்லுங்கோவன்! அந்தப் பொம்பிளை உங்களிட்டை வாயைப் புடுங்கிப் புடுங்கிக் கேக்கிறா. சொன்னா வேலை மிஞ்சும். ஏன் ஊமை மாதிரி நிக்கிறியள்?"

"சொன்னா அப்பாவுக்குத் தெரியவரும்."

"வந்தா என்ன?"

"உமக்குத் தெரியும்தானே" என்றார். "அம்மா போன அண்டைக்கு என்ன நடந்தது எண்டு உமக்குத் தெரியும்தானே."

தெரியும். நான் பக்கத்தில் நின்றேன். மாமி ஆஸ்பத்திரிக் கட்டிலில், பிள்ளைகளின் குரலை ஒருக்கால் கேட்கவேணும் என்று கேட்டார். மாமா மூன்று பேருக்கும் மாறி மாறி எடுத்தார். மூன்று பேரும் வேலையில். மூன்று போனும் எங்கெங்கோ பைக்குள்ளும் மேசை லாச்சிக்குள்ளும் அடித்து ஓய்ந்தன. இவருடைய போன், விதிப்படி, லொக்கருக்குள் அடித்தது. மாமி போன பிறகு ஒவ்வொருவராகத் திரும்ப எடுத்தார்கள். மாமா யாரையும் ஏசவில்லை. "அம்மா உங்களைக் கேட்டவ" என்று மட்டும் சொன்னார். அந்தக் கிழமைதான் ஏழு மணி ஜெபம் தொடங்கியது. அதற்குப் பிறகு மூன்று பேரில் ஒருவரும் ஒருநாளும் போன் எடுக்காமல் விட்டதில்லை.

"அந்த மனுசனிட்டைப் போய், உங்கடை ஜெபத்தாலைதான் பிளேன் விழப் பாத்தது எண்டு என்னைச் சொல்லச் சொல்லுறீரோ?" என்றார் இவர்.

நான் அடங்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமாவிடம் நானே சொல்லிவிடலாம் என்று தேத்தண்ணியைக் கொண்டுபோய் முன்னால் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "சீனி கூடிப்போச்சு, பிள்ளை" என்றார். கோப்பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னொரு நாள், "மாமா, ஜெபத்தை ஒரு மணித்தியாலம் பிந்தி வைப்பமே?" என்று தொடங்கினேன். "ஏன், கர்த்தருக்கும் நேரம் மாத்திப்போட்டினமோ?" என்று சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? இவர் மேல் கோபம், மாமா மேல் கோபம், இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சோறு பரிமாறுகிற என் மேல் எல்லாவற்றையும் விடக் கோபம். வகுப்பில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் ஏசினேன்.

கடைசி அமர்வு பின்னேரம். அச்சுவேலியில் மாமாவின் பழைய மாணவர் ஒருவர் கன நாளாகச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே போய் வாருங்கள், ஓட்டோ பிடித்துத் தருகிறேன் என்று மாமாவை நெருக்கினேன். "என்ரை பிள்ளையை இங்கை வைச்சு விசாரிக்கேக்கை நான் போய்ப் புட்டுச் சாப்பிடுறதோ?" என்றார். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் நடு அறையில், திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். என் மூலையிலிருந்து பார்த்தால் அவரும் தெரிந்தார், இவரும் தெரிந்தார்.

அந்தப் பெண்மணி அதே கேள்வியைக் கேட்டார். இவர் அதே பதிலைச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு அந்தப் பெண்மணி, விமானம் நிற்கும் கொட்டகை வாசலில் இருக்கும் கமராவின் படங்களைப் பார்த்தோம் என்றார். ஐந்தரை மணிக்கு நீங்கள் ஏணியால் இறங்குகிறீர்கள், விமானத்தின் சில்லுக்குப் பின்னால் போய் நிற்கிறீர்கள். கைகள் தெரியவில்லை, தலை மட்டும் தெரிகிறது. கன நேரம் தலையைக் குனிந்தபடி நிற்கிறீர்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா?

"களைப்பாக இருந்தது" என்றார் இவர்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கண்ணைத் திறந்திருந்தார். மகனுடைய நாட்டு நேரத்தை நாள்தோறும் கணக்குப் பார்த்து அழைப்பெடுக்கிற மனிதர் அவர். ஐந்தரை என்றால் ஏழு என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தலையைக் குனிந்து நின்றால் அது என்ன என்றும் சொல்லத் தேவையில்லை. அவருடைய முகத்தில் அது ஏறுவதை நான் பார்த்தேன். தெரியவேணும், தெரியவேணும் என்று ஒரு கிழமையாகத் துடித்தவள் நான். அந்த முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கணினியை மூடிவிடவேணும்போல இருந்தது.

அவர் எழும்பினார். முன்னறைக்குள் வந்து, கமரா தன்னைப் பார்க்கும்படி மகனுக்குப் பின்னால் நின்றார். வகுப்பறையில் பேசுகிற அந்தத் திருத்தமான ஆங்கிலத்தில், "மன்னிக்கவேண்டும், அம்மணி. அந்த நேரம் இவர் களைத்து நிற்கவில்லை. ஜெபித்துக்கொண்டிருந்தார். அழைத்தது நான்" என்றார்.

"நீங்கள் யார்?"

"தகப்பன்."

அந்தப் பெண்மணி இவரைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார். இவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவருடைய தோளில் கையை வைத்தார்.

"சொல்லு, தம்பி. எனக்காகப் பொய் சொல்லாதை."

இவர் சொன்னார். மோட்டாரடியில் எனக்குச் சொன்னதைவிடக் கூடச் சொன்னார். அம்மாவின் கடைசி நாளில் போன் லொக்கருக்குள் அடித்ததையும் சொன்னார். அந்தப் பெண்மணி குறுக்கிடாமல் எழுதிக்கொண்டார். கடைசியில், போனை உள்ளே கொண்டு போனதற்கு நடவடிக்கை இருக்கும், அதை நான் தடுக்க முடியாது என்றார். ஆனால் லைசென்ஸைப் பறிக்கும்படி எழுதமாட்டேன். திரும்பப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும்படி எழுதுவேன். மாமாவைப் பார்த்து, "நன்றி, ஐயா" என்றார். மாமா தலையை அசைத்தார். திரை அணைந்தது.

வேலை மிஞ்சிவிட்டது. நான் துள்ளிக் குதித்திருக்கவேண்டும். வீட்டில் ஒருவரும் ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மாமா தேத்தண்ணியும் குடிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "அந்தப் பிளேனுக்குள்ளை எத்தினை பேர் இருந்தவை?" என்று மகனிடம் கேட்டார்.

"மூண்டு பேர், அப்பா."

"குடும்பக்காரரோ?"

"ஓம்."

அவ்வளவுதான் கேட்டார்.

ஏழு மணி வந்தது. மாமா குளிக்கவில்லை, சேட்டு மாற்றவில்லை. போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. ஏழு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அதுவே அடித்தது. ரொறன்ரோவிலிருந்து மச்சாள். மெல்போர்ன்காரரையும் கூடவே இணைத்திருந்தார். மாமா எடுக்காததால் நான் எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். இரண்டு பேரும் வழக்கம்போல முகத்தைக் காட்டாமல் குரல் மட்டும்.

"அப்பா, என்ன சுகமில்லையோ? ஏன் எடுக்கேல்லை?"

"நீ இப்ப எங்கை நிக்கிறாய், பிள்ளை?" என்று கேட்டார் மாமா.

"வீட்டிலைதான், அப்பா."

"உண்மையைச் சொல்லு."

மச்சாள் தாதி. நான் அதை அந்த நிமிடம்தான் நினைத்தேன். "ஆஸ்பத்திரியிலை, அப்பா" என்றார் மச்சாள், மெல்ல. "ஒராளுக்கு ஊசி மருந்து அளந்துகொண்டு நிண்டனான். நீங்கள் எடுக்கேல்லை எண்டோடனை பயந்துபோனன்."

"தம்பி, நீ?"

"லொறியிலை, அப்பா" என்றார் மெல்போர்ன்காரர்.

"நிப்பாட்டி வைச்சிருக்கிறியோ, ஓடுறியோ?"

"...ஓடுறன்."

மாமா இரண்டு கையாலும் மேசையின் விளிம்பைப் பிடித்தார். பக்கத்தில் இருந்த கடைசி மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போனுக்குக் கிட்டக் குனிந்தார். வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளைகளிடம் கதைப்பதுபோலச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அம்மா போன அண்டைக்கு நீங்கள் எடுக்கேல்லை. நீங்கள் செய்தது சரி. நான்தான் அதைச் சொல்லாமல் விட்டிட்டன். இனி வேலையிலை நிண்டா நான் அடிச்சாலும் எடுக்காதேங்கோ. நான் செத்துக்கொண்டு கிடந்து அடிச்சாலும் எடுக்காதேங்கோ. கையிலை இருக்கிறதை முடிச்சுப்போட்டு எடுங்கோ."

மச்சாள் அழுவது கேட்டது. "அப்பா, ஜெபம்..." என்றார் மெல்போர்ன்காரர்.

"நீ றோட்டைப் பார்" என்று சொல்லிவிட்டு மாமா போனை வைத்தார்.